சப்பு மரத்துக்குப் பிணை

மீன்காரரின் சைக்கிள் கிணற்றுக்குள் கிடப்பதை முதலில் கண்டது என் அம்மாதான். பக்கத்து வீட்டுக் கிணற்றில் தண்ணீர் அள்ளப் போனவர் வாளியைப் போட்டுவிட்டு, "ஐயோ, ஆரோ கிணத்துக்க விழுந்திட்டினம்" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார். நானும் ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். ஆள் இல்லை. மீன்பெட்டியோடு ஒரு சைக்கிள் தலைகீழாகக் கிடந்தது. நாலைந்து சூடை மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன.

"நான்தான் போட்டேன்" என்று பின்னால் குரல் கேட்டது. பக்கத்து வளவு மாமி, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நின்றார். "மரக்கன்னு மேல சைக்கிளச் சாத்தாதீங்கன்னு சொன்னேன். இன்னொருக்காச் சாத்தினா கெணத்துல போடுவேன்னும் சொன்னேன். சாத்தினாரு. போட்டுட்டேன்."

மீன்காரர் திறந்த வாய் மூடாமல் நின்றார். அடுத்து நடந்தது அதைவிட அதிர்ச்சி. மாமியே கயிற்றைக் கட்டி இறங்கிச் சைக்கிளை வெளியே எடுத்துக் கொடுத்தார். பொழுதுபடும் வரை தனி ஆளாக நின்று கிணற்றை இறைத்தார். "எடுத்துக் குடுக்கிறதெண்டால் ஏன் பிள்ளை போட்டனீ?" என்று அம்மா கேட்டார். "போடுவேன்னு சொன்னேன். எடுக்க மாட்டேன்னு சொல்லலியே அக்கா" என்று பதில் வந்தது.

இப்படி ஒருவருக்குப் பக்கத்து வளவில்தான் நான் இத்தனை வருசமும் குடியிருந்தேன். தர்மபுரத்தில் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரே வேலி. நான் வீட்டில் தையல் மெஷினோடு இருப்பவள். ஜன்னலைத் திறந்தால் அவருடைய பின்வளவு முழுவதும் தெரியும். அங்கே நான் பார்த்தவற்றை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு திக்கென்கிறது.

நாங்களெல்லாம் ஒரு நாளைக்கு எத்தனை சொல்கிறோம். பிள்ளையைப் பார்த்து "கொல்லுவன்" என்கிறோம். சட்டை தைக்கத் தந்தவருக்கு "நாளைக்குத் தாறன்" என்கிறோம். (நான் சொல்லாத நாள் இல்லை.) மாமியிடம் அந்தக் கதையே கிடையாது. வாயிலிருந்து ஒரு சொல் வந்தால் அதைச் செய்துவிடுவார். அதனால் தனக்கு நட்டமா, ஊர் சிரிக்குமா என்று பார்க்க மாட்டார். அவரோடு கதைக்கும்போது எனக்கு எப்போதும் கொஞ்சம் பயம்தான்.

மாமி மகளின் கலியாணத்துக்கு முரசுமோட்டையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வரவேண்டும். "நேரத்துக்கு வந்துடுங்க. பிந்தினீங்கன்னா பந்தி போட்டுடுவேன்" என்று முதல் நாளே சொல்லியனுப்பினார். அவர்கள் அதைப் பகிடி என்று நினைத்தார்கள். மாப்பிள்ளை வந்து இறங்கியபோது ஊரே சாப்பிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தது. தாலி கட்டின பிறகு மாப்பிள்ளைக்குக் கிடைத்தது அடிச்சோறும் ஆறிப்போன சாம்பாரும். யாழ்ப்பாணத்திலிருந்து குடியேறி வயல் செய்கிற பழைய குடும்பம் அது. மாப்பிள்ளையின் தாய் அன்று அழுதுவிட்டார். அந்தப் பையனோ அன்றிலிருந்து மாமியார் என்ன கேட்டாலும் "ஓம் மாமி" என்று மட்டும்தான் சொன்னான். பின்னால் அதுவே வினையானது.

அம்மாவிடம் யாரும் மாமியைப் பற்றிக் குறை சொல்ல முடியாது. மலைநாட்டிலிருந்து வந்தவர் என்பதால் ஊரில் சிலர் முதுகுக்குப் பின்னால் "தோட்டக்காட்டாள்" என்பார்கள். அம்மாவின் காதில் விழுந்தால் விளக்குமாறு வந்துவிடும். அதற்குக் காரணம் உப்பு.

சண்டையின் கடைசிக் காலத்தில், கடற்கரைப் பக்கம் எல்லோரும் பங்கர் குழிக்குள் கிடந்தோம். வெறும் கஞ்சி. என் தம்பி உப்பில்லாமல் குடிக்க மாட்டேன் என்று வாயை இறுக்கிக்கொண்டான். அப்போது அடுத்த பங்கரில் இருந்த மாமி, "அழாதடா. காலைல உப்பு கொண்டாந்து தாறேன்" என்று சொன்னார். அந்த வேளையில் அது ஒரு ஆறுதல் கதை. யார் அதைப் பெரிதாக எடுப்பார்கள்? காலையில் ஷெல் மழை. அதற்குள்ளே மண்ணில் ஊர்ந்து ஊர்ந்து ஒரு உருவம் வந்தது. முகம் முழுக்க மணல், காதிலிருந்து ரத்தம். கையில் ஒரு சின்ன டின். டின்னுக்குள் ஒரு பிடி உப்பு. எங்கே எடுத்தார் என்று கடைசிவரை சொல்லவில்லை. "ஒரு பிடி உப்புக்குச் சாகப் பாத்தியேடி" என்று அம்மா அவரைக் கட்டிக்கொண்டு கத்தியது எனக்கு இன்னும் கேட்கிறது.

இனி மரத்தின் கதைக்கு வருகிறேன்.

மாமி பிறந்தது பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். கலவரத்தில் தோட்டத்து லய வீடுகளை எரித்தபோது தாய்தகப்பன் கையைப் பிடித்துக்கொண்டு வன்னிக்கு வந்தவர். அக்கா ஒருத்தி மட்டும் கலியாணம் கட்டி அங்கேயே இருந்துவிட்டார். சண்டை முடிந்து, முகாமிலிருந்து நாங்கள் ஊர் திரும்பிய பிறகு, அந்த அக்காவின் மகன் இரண்டு கன்றுகளைப் பொலித்தீன் பையில் போட்டுப் பஸ்ஸில் கொண்டுவந்து கொடுத்தான். எங்கள் ஆட்கள் செண்பகம் என்கிற மரம்தான். மாமிக்கு அது சப்பு மரம். மலைக்காட்டில் மழையும் பனியும் குடித்து வளருகிற சாதி. மஞ்சளாகப் பூக்கும், ஒரு பூ இருந்தால் வீடு முழுக்க மணக்கும். "எங்க லயத்து முனியாண்டிக்குப் பின்னால நின்னுச்சு. அந்த வாசம் அடிச்சாத்தான் எனக்கு வீட்டுல இருக்கிற மாதிரி" என்றார் ஒரு தரம்.

ஒரு கன்று பஸ்ஸில் நசுங்கி நுனி முறிந்திருந்தது. மாமி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "செத்துடுச்சு" என்று சொல்லி, பையோடு பின்வேலிக்கு மேலால் காட்டுக்குள் எறிந்துவிட்டார். அந்தக் காட்டில் அப்போது மிதிவெடி எச்சரிக்கைப் பலகை தொங்கியது. பலகையைக் கழற்றிய பிறகும், பழகின பயத்தில் அந்தப் பக்கம் ஒருவரும் போவதில்லை.

மற்றக் கன்றைப் பின்வளவில் நட்டார். "உந்த மலைமரம் இஞ்ச வராது" என்று எல்லோரும் சொன்னோம். சுடுமண்ணில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்தார். மீன்காரரின் சைக்கிள் கிணற்றுக்குப் போனதும் அந்தக் கன்றுக்காகத்தான். மரம் வளர்ந்தது, தொடை மொத்தம் ஆனது. ஆனால் ஒரு பூகூட இல்லை.

அதற்குள் ஒரு புதினம் தொடங்கியது. சித்திரை, வைகாசியில் பொழுதுபடுகிற நேரம் மாமி முற்றத்தில் நின்று மூக்கை உறிஞ்சுவார். "அக்கா, வாசம் வருதா? சப்புப்பூ வாசம்!" என்பார். எங்களுக்கு மாட்டுப்பட்டி வாசம்தான் வந்தது. மரத்தை அண்ணாந்து பார்த்தால் இலைதான். நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். பாவம், ஊர் நினைப்பு என்று விட்டுவிட்டோம். மாமியோ மரம் கள்ளத்தனம் பண்ணுகிறது என்று நம்பினார்.

அதனால் ஒவ்வொரு வருசமும் வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்கு மறுநாள் காலை மரத்துக்கு ஒரு விசாரணை நடக்கும். பூக்காத மரத்தை வெருட்டுவது மாமியின் மலைநாட்டுப் பக்கத்து வழக்கம். ஒருவர் கோடாலியோடு போவார். மற்றவர் பிணை நிற்பார். கோடாலிக்காரர் மூன்று தரம் "வெட்டவா?" என்று கேட்க, பிணைக்காரர் மூன்று தரமும் தடுக்க வேண்டும், தடுக்காவிட்டால் வெட்டியே ஆக வேண்டும். மரம் பயந்துபோய் அடுத்த வருசம் பூக்குமாம். எப்போதும் அம்மாதான் பிணை.

"ஏய், வாசத்த மட்டும் விடுற. பூவ எங்க ஒளிச்சு வெச்சிருக்க? வெட்டவா?"

"வேண்டாம் பிள்ளை, விடு. வாற வருசம் பூக்கும். நான் பிணை."

மூன்று தரம் முடிந்ததும் மாமி கோடாலிப் பிடியால் மரத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அடியில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார். பிறகு இருவரும் தேத்தண்ணி குடிப்பார்கள். நான் ஜன்னலால் பார்த்துச் சிரிப்பேன்.

பிறகு எல்லைக் கல்லுக்காரர் வந்தார்கள். காடு பார்க்கிற இலாகாக்காரர் ஊர் எல்லையில் அளந்துகொண்டு வந்து, மாமியின் பின்வளவு காட்டுக்குள் அடங்குகிறது என்றார்கள். அவருக்கு இருந்ததே அந்த நிலம்தான். பயறும் மரவள்ளியும் போட்டுத்தான் சீவித்தார். ஊருக்குப் பொறுப்பான எங்கள் விதானையார் நல்ல மனுசன். ஒரு நாள் வந்து வளவைச் சுற்றிப் பார்த்தார். தென்னைகளை ஷெல் தின்றுவிட்டது, வாழைகளை யானை தின்றுவிட்டது. அவருடைய கண் சப்பு மரத்தில் போய் நின்றது.

"அம்மா, இது வன்னிக் காட்டில இல்லாத மரம். மனுசர் நட்டால்தான் இஞ்ச நிக்கும். இதுதான் உங்கட சாட்சி. அடுத்த கிழமை பாக்க வருவினம். இதைக் காட்டுங்கோ, காணி தப்பும்" என்றார்.

அந்தக் கிழமையில்தான் வைகாசிப் பொங்கல். அம்மா வற்றாப்பளைக்குப் போனவர், சனநெரிசலில் பஸ் கிடைக்காமல் கோயிலடியிலேயே தங்கிவிட்டார். மறுநாள் காலை மாமி வேலியடியில் வந்து நின்று, "அக்கா வரலியா?" என்று கேட்டார். "பின்னேரம்தான் வருவா மாமி" என்றேன். விருந்துக்கு வந்திருந்த மருமகன் கிணற்றடியில் பல்துலக்கிக்கொண்டிருந்தான். மாமி அவனைப் பார்த்தார்.

"மாப்புள, இங்க வாங்க. அக்கா இல்ல. நீங்க வந்து நில்லுங்க."

அவன் வாயைக் கொப்பளித்துவிட்டு ஓடிப்போய் நின்றான். எதற்கு நிற்கிறோம் என்று அவனுக்குத் தெரியாது. முரசுமோட்டைப் பக்கத்தில் இந்த வழக்கம் இல்லை. வருசா வருசம் பார்க்கிற எங்களுக்குத் தெரியும் என்பதால், அவனுக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நான் ஒரு பாவாடைக் கரையை அடித்துக்கொண்டிருந்தேன்.

"வெட்டவா?" என்றார் மாமி.

"ஓம் மாமி, வெட்டுங்கோ."

என் கால் மெஷின் பெடலில் அப்படியே நின்றுவிட்டது. மாமியின் முகம் வெளிறிப்போனது. கோடாலியைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு, இரண்டாம் முறை மெல்லக் கேட்டார்.

"வெட்டவா மாப்புள?"

"ஓமோம், வெட்டுங்கோ மாமி."

"ஐயோ தம்பி, வேண்டாமெண்டு சொல்லும்!" என்று நான் ஜன்னலால் கத்தினேன். அவன் என்னைப் பார்த்தான், மாமியைப் பார்த்தான். மாமி கையை நீட்டி என்னைத் தடுத்தார். "நீ பேசாத புள்ள. பிணை நிக்கிறவருதான் சொல்லணும்." பிறகு அவனிடம் திரும்பினார். அந்தக் கண்கள் கெஞ்சியதை நான் பார்த்தேன். அவன் பார்த்ததோ மாமியாரின் பேச்சுக்குக் குறுக்கே விழுகிற ஒரு பக்கத்து வீட்டுக்காரியை.

"வெட்டவா?"

"வெட்டுங்கோ மாமி. ஆர் என்ன சொன்னாலும் நான் இருக்கிறன். தாங்கோ, நானே வெட்டுறன்" என்று கையையும் நீட்டினான் பாவி.

"நகருங்க" என்றார் மாமி.

நான் வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடினேன். குசினியிலிருந்து மகள் கரண்டியோடு ஓடிவந்து தாயின் காலைப் பிடித்தாள். "அம்மா, காணி போயிடும்மா!" "மூணு வாட்டி கேட்டாச்சு புள்ள. மரத்துக்கிட்டச் சொன்னது மட்டும் சொல்லு இல்லன்னு ஆயிடுமா?" என்று சொல்லிவிட்டு, காலை மெல்ல விடுவித்துக்கொண்டு ஓங்கினார். ஒவ்வொரு வெட்டுக்கும் அவருடைய வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது, பிள்ளை பெறுகிறவளின் சத்தம். மரம் சரிந்து விழுந்தது. விசயத்தை அறிந்த மருமகன் கிணற்றுக்கட்டில் குந்தி ஓங்காளித்தான். பின்னேரம் கோயில் விபூதியோடு வந்த அம்மா, வெட்டின மரத்தைப் பார்த்து அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

அடுத்த கிழமை சொன்னபடி உத்தியோகத்தர் வந்தார். இளம் பிள்ளை, மரியாதையானவர். கூட இரண்டு உதவியாட்கள். விதானையார் வாசல் படலையிலேயே மாமியிடம் குசுகுசுத்தார். "காத்துக்கு விழுந்தது எண்டு சொல்லுங்கோ."

"இந்த மரத்தை வெட்டினது ஆர்?" என்று உத்தியோகத்தர் கேட்டார்.

"நான்தாங்க. நான் நட்டேன், நான் வெட்டினேன்."

விதானையார் தலையில் கைவைத்தார். "காட்டு மரம் வெட்டினால் வழக்கு வரும், தெரியுமோ அம்மா?"

"காடா?" என்றார் மாமி. "இது காடுன்னா, இந்தக் காட்டுல இன்னொரு சப்பு மரம் காட்டுங்க பாப்போம். காட்டிட்டா நானே வந்து உங்க ஜீப்புல ஏறுறேன்."

எங்களுக்கு உயிர் வந்தது. அம்மா என் இடுப்பில் சந்தோசமாக இடித்தார். உத்தியோகத்தரும் சிரித்துவிட்டார். பேருக்கு ஒரு உதவியாளைப் பின்வேலியால் காட்டுக்குள் அனுப்பினார். அவன் திரும்பி வரக் கொஞ்ச நேரம் எடுத்தது.

வரும்போது கையில் ஒரு கொப்பு. கொப்பு நிறைய மஞ்சள் பூ.

வாசம்தான் முதலில் வந்தது. மாமி சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்த அதே வாசம். மாமி கொப்பை வாங்கி முகத்தோடு வைத்தார்.

எல்லோரும் வேலியைத் தாண்டிப் போனோம். ஓடைக்கரையில், சேற்று ஈரத்தில், பெரிய மரங்களின் நிழலில் அது நின்றது. மாமி வெட்டினதைவிட உயரம். தலை முழுக்கப் பூ. அடியில் வேருக்குள் சிக்கிக் கிடந்தது கறுப்புப் பொலித்தீன் துண்டு.

"பாருங்கோ சேர், பையும் கிடக்கு! இது இவா எறிஞ்ச மரக்கண்டு!" என்று, அம்மா காதுக்குள் சொன்னதைக் கேட்ட விதானையார் துள்ளினார். உத்தியோகத்தர் குனிந்து அந்தத் துண்டைத் தொட்டுப் பார்த்தார். "நீங்கள் வைச்சதோ அம்மா?" என்று கேட்டார். அந்தக் குரலில் இரக்கம் இருந்தது. ஒரு "ஆமா" போதும், அவர் எழுதிவிட்டுப் போயிருப்பார். இது எனக்குச் சத்தியமாகத் தெரியும்.

"இல்லீங்க. செத்துடுச்சுன்னு சொல்லி எறிஞ்சேன். எறிஞ்சது எப்படி என்னுது ஆகும்?" என்றார் மாமி. "அதக் காடுதான் வளத்துச்சு."

அம்மா "அடி விசரி" என்று அழத் தொடங்கினார். மாமி யாரையும் பார்க்காமல் பின்வளவுக்கு வந்தார். வெட்டின அடிக்கட்டையின் முன்னால் குந்தி, வெட்டுவாயில் கையை வைத்தார். "ஒம்மேல பொய்ப்பழி போட்டுட்டேன்டா சாமி. வாசம் ஒன்னுது இல்லியே" என்றார். பிறகு எழும்பிப் போய் ஜீப்பின் பின்சீற்றில் ஏறிக்கொண்டார்.

"அம்மா, இறங்குங்கோ. நான் உங்களைக் கூட்டிக்கொண்டு போக வரேல்ல" என்று உத்தியோகத்தர் எவ்வளவோ சொன்னார்.

"ஏறுறேன்னு சொல்லிட்டேன். நீங்க வண்டிய எடுங்க."

அந்தப் பிள்ளை திணறிப்போனார். கடைசியில் கிளிநொச்சி வரை கொண்டுபோனார். பின்னேரப் பஸ்ஸில் மாமி தனியாகத் திரும்பி வந்தார். வழக்கு இல்லை. ஆனால் நடப்போகிற எல்லைக் கல்லைத் தாண்ட மாட்டேன் என்று இலாகாக் கந்தோரில் வாய்ச்சொல் கொடுத்துவிட்டு வந்திருந்தார். சில நாளில் கல்லும் வந்தது, அவருடைய குசினிச் சுவருக்குப் பின்னால் எட்டிப் பிடிக்கிற தூரத்தில். அடிக்கட்டை அந்தப் பக்கம் போய்விட்டது.

அதன்பிறகு மாமி நான் தைத்த சட்டைகளுக்குத் தெறியும் கொக்கியும் தைத்தும், ஊர் வயல்களில் களை பிடுங்கியும் சீவித்தார். வைகாசி மாலைகளில் கல்லுக்கு இந்தப் பக்கம் ஒரு கதிரையைப் போட்டு இருப்பார். அந்தப் பக்கம் ஒரு கால்கூட வைத்ததில்லை. பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல் ஒரு நாள் நான் காட்டுக்குள் போய்ப் பாவாடை மடி நிறையப் பூ பறித்துக்கொண்டு வந்தேன். மாமி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எங்க பறிச்ச?"

"அங்கதான் மாமி. உங்கட மரத்தில."

"எம் மரத்த நான் வெட்டிட்டேன். அது அவங்க காடு. கொண்டுபோய் அங்கேயே போட்டுட்டு வா."

எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. ஆனாலும் கொண்டுபோய்ப் போட்டுவிட்டுத்தான் வந்தேன்.

போன வைகாசியில் மாமி செத்துப்போனார். வெயிலுக்குள் களை பிடுங்கிவிட்டு வந்து படுத்தவர் எழும்பவில்லை. மரம் வெட்டின நாளிலிருந்து மருமகன் அவர் முகத்தைப் பார்த்துக் கதைத்ததே இல்லை. செத்தவீட்டுக்கு வந்தவன் ஒருவரோடும் பேசாமல் நேரே பின்னுக்குப் போனான். கல்லைத் தாண்டிக் காட்டுக்குள் போய், ஒரு கடகம் நிறையச் செண்பகப்பூவோடு வந்தான். வீடு முழுக்க வாசம். ஒப்பாரி வைத்த பெண்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மாமி எழும்பி "எங்க பறிச்சீங்க?" என்று கேட்டுவிடுவாரோ என்று நான் உண்மையாகவே பயந்தேன்.

அவன் தலைமாட்டில் முழங்காலில் நின்று, கடகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கேட்டான்.

"மாமி, வைக்கட்டோ?"

கடகத்தை இன்னும் கிட்டக் கொண்டுபோனான்.

"வைக்கட்டோ மாமி?"

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் அழுதுகொண்டே மூன்றாம் தரமும் கேட்டான். "வைக்கட்டோ?"

சுவரோடு சாய்ந்திருந்த என் அம்மா கையை ஊன்றி மெல்ல எழும்பினார்.

"வை தம்பி" என்றார். "நான் பிணை."

அதற்குப் பிறகுதான் அவன் முதல் பூவை எடுத்து வைத்தான்.